நாடா சொன்ன நம்பர்

இரண்டு கைகளும் கூரையைப் பார்த்து நிற்க, தலை ஒரு கவுனுக்குள் மாட்டிக்கொண்டிருக்க, பியோ ஹேரான் அசையாமல் நின்றாள்.

தேகு நகரத்துச் சுரங்கக் கடைவீதியில் அது ஒரு சின்னத் துணிக்கடை. 'போட்டுப் பார்க்கக் கூடாது' என்று எழுதிய அட்டை அங்கே மூன்று இடங்களில் தொங்கியது. கடைக்காரப் பெண் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மாட்டியிருந்த கவுன்களுக்குப் பின்னால் ஒதுங்கி, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே ஒன்றை இழுத்து விட்டுக்கொண்டதுதான் வினை. தோள்வரை வந்தது. அப்புறம் கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை.

"அம்மா! போர்டைப் பார்க்கலையா நீங்க?"

"பார்த்தேன்மா. இப்பதான் எதையும் பார்க்க முடியலை. கொஞ்சம் இழு."

அந்தப் பெண் இழுத்தாள். எங்கோ ஒரு தையல் 'டர்ர்' என்றது. ஹேரானின் தலை, கலைந்த முடியோடு வெளியே வந்தது.

"இது எந்த நம்பர்?"

"நம்பர் கிடையாதும்மா. ஃப்ரீ சைஸ். எல்லாருக்கும் சேரும்."

"அப்ப எல்லாருங்கிற கணக்குல நான் வரமாட்டேனா?"

அந்தப் பெண் கிழிந்த கவுனை மடித்துப் பையில் போட்டு நீட்டினாள். கிழித்தவர்தான் வாங்கிப் போக வேண்டும்.

கைப்பையில் போன் 'கடக்' என்றது. வேறு யார், பாட்டுக் குழுதான்.

ஹேரானின் அடுக்ககத்துப் பெண்கள் பதினேழு பேர் சேர்ந்து நடத்தும் பாட்டுக் குழு அது. அடுத்த மாதம் வட்டாரப் போட்டி. எல்லோருக்கும் ஒரே மாதிரி கருநீலக் கவுன். சந்தையில் பாங் அம்மா தைக்கிறாள். அவள் தைத்த உடுப்பில் இதுவரை ஒரு தையலைக்கூடப் பிரித்ததில்லை என்று ஊரே சொல்லும். குழுவின் செகரட்டரி தோங்மி காலையிலேயே அறிவித்துவிட்டாள்:

"ஆறு மணிக்குள்ள எல்லாரும் உங்க நம்பரைப் போட்டுடுங்க. பாங் அம்மா திங்கட்கிழமை துணி வெட்டறாங்க. முதல்ல நானே சொல்லிடறேன். 44!" பக்கத்தில் வெட்கப்படும் முயல் படம் ஒன்று.

பெண்கள் உடுப்புக்கு அங்கே 44, 55, 66, 77, 88 என்று படிப்படியாக நம்பர். நாற்பத்தாறு வயதில் 44 போடுகிறவளைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். தோங்மி எப்போதும் தொளதொளவென்று மடிப்புத் துணிகளாகவே போடுவாள். அதற்குள்ளே எவ்வளவு தோங்மி இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. சொன்ன நம்பரை நம்ப வேண்டியதுதான்.

அவளைத் தொடர்ந்து 55, 55, 55, 66 என்று வரிசையாக வந்து விழுந்தது. ஹேரான் மட்டும்தான் பாக்கி.

எந்த நம்பரைப் போடுவது? அவள் அலமாரியில் இருந்த மூன்று கவுன்களும் அவளுக்குச் சரியாகவே இருந்தன. பெரிய கடையில் எடுத்தது 55. டிவியில் பார்த்து வரவழைத்தது 66. சந்தையில் வாங்கியது 77. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்தச் சுரங்கக் கடைக்கு வந்தாள்.

வேறு வருஷமாக இருந்தால் ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போயிருப்பாள். பின்வரிசையில் நிற்பவளின் கவுன் தொங்கினால் என்ன, பிதுங்கினால் என்ன? பதினோரு வருஷமாக அவள் நின்ற இடம் அது. இந்த வருஷம்தான் குழுவின் பாட்டு ஆசிரியர், "ஹேரான் அம்மா, நடுவில் வரும் பன்னிரண்டு வரியும் நீங்க தனியா பாடுங்க" என்று சொல்லியிருந்தார். தனியாகப் பாடுகிறவள் இரண்டு அடி முன்னால் வந்து நிற்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு வரியைத் தோங்மி கேட்டு, கிடைக்காமல் போயிருந்தது.

மணி மூன்று. பல துணிக்கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் பெரிய கடைக்கு ஹேரான் ஓடினாள்.

முதல் கடையில் 55 அழகாக உட்கார்ந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஹேரானுக்கே சிரிப்பு வந்தது.

"எங்க 55 கொஞ்சம் தாராளமா வரும்மா" என்றாள் விற்பனைப் பெண், அன்பாகத்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்துக் கடைக்குப் போனாள். அங்கே 77-இன் பொத்தான் துளையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடையில் நடந்த இருபது அடியில் அவள் இரண்டு நம்பருக்கு மேலேயே பெருத்திருந்தாள்.

துணி மாற்றும் அறையின் வெள்ளை விளக்கில் தன் கைகளைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் தினமும் அறுநூறு பிள்ளைகளுக்குச் சூப் கிளறுகிற கைகள். இத்தனை நாள் அவை அவளுடைய கைகளாகத்தான் இருந்தன. இன்று யாரோ தவறாகக் கொண்டுவந்து பொருத்திய மாதிரி இருந்தது. மத்தியானம் சாப்பிடாமல் வந்தது வேறு வயிற்றைக் கிள்ளியது.

பஸ்ஸில் உட்கார்ந்து '55' என்று அனுப்பினாள். மனசு கேட்கவில்லை, நீக்கினாள். '66' என்று அனுப்பினாள். இடுப்பை நினைத்து அதையும் நீக்கினாள். '77' அனுப்பினாள். தோங்மியின் முயல் நினைவுக்கு வந்தது. நீக்கினாள்.

நீக்கினால் போய்விடுமா? 'செய்தி நீக்கப்பட்டது' என்று மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லோரும் பார்க்க நின்றன.

"ஹேரான் அக்கா, உங்க வீட்டுலேர்ந்து மொத்தம் எத்தனை பேரு பாட வர்றீங்க?" என்று கேட்டிருந்தாள் தோங்மி. கீழே பதினைந்து சிரிக்கும் முகங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பை ஒரு பக்கம் போனது, கிழிந்த கவுன் இன்னொரு பக்கம் போனது.

"ஏங்க! வீட்டுல அளவு நாடா இருக்கா?"

அவள் கணவர் மான்சிக் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "மீன் பிடிக்கிற பெட்டியில ஒண்ணு இருக்கு. ஆனா அது மீனை அளக்கிறது."

"பொய் சொல்லாத நாடாவா இருந்தா போதும், எடுத்துட்டு வாங்க."

நாடாவில் தலைப்பக்கம் ஒரு மீன் படம் இருந்தது. மான்சிக் அதைச் சுற்றிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

"மார்பு தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டர். அம்மாடி! இந்த அளவுல மீன் கிடைச்சா பேப்பர்ல போட்டோ வரும்."

தலையணை ஒன்று பறந்து அவர் மேல் விழுந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டே இடுப்பை அளந்தார். "எண்பத்தி நாலு."

இணையத்தில் அரசாங்க அளவுப் பட்டியலைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 88.

ஹேரான் சோபாவில் சாய்ந்தாள். மான்சிக் நாடாவைச் சுருட்டியபடி மெல்லச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல எனக்கு உன் நம்பரே தெரியாது. பாடறப்ப இடது காலைத் தூக்கி வெச்சுப்பே. உன்னைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவு அவ்வளவுதான்."

ஹேரான் மூக்கை உறிஞ்சினாள். போனை எடுத்தாள்.

"88. நாடா வெச்சு அளந்தது. மார்பு 98, இடுப்பு 84. யாருக்காவது சந்தேகம் இருந்தா வீட்டுக்கு வந்து அளந்துக்கலாம், சாப்பாடும் போடறேன். இனிமே இதை நீக்கமாட்டேன்."

செய்தியின் பக்கத்தில், படிக்காதவர்களைக் காட்டும் சின்ன மஞ்சள் எண் பதினாறிலிருந்து சரசரவென்று இறங்கி மறைந்தது. அத்தனை பேரும் படித்துவிட்டார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கடைசியாகத் தோங்மி மட்டும், "சரி அக்கா, லிஸ்ட்ல 88-னு எழுதிக்கறேன்" என்றாள். முயல் இல்லை.

அன்றிரவு ஹேரான் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள்.

பாங் அம்மாவின் கவுன்கள், எப்போதும்போல, போட்டியன்று காலையில்தான் வந்து சேர்ந்தன. மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் பைகள் பிரிக்கப்பட்டன. ஐம்பத்தைந்துகள் எல்லாம் ஐம்பத்தைந்துகள் மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. தோங்மியின் 44, அளந்து வார்த்த மாதிரி இருந்தது.

"பாங் அம்மா கையே கை" என்று எல்லோரும் சுழன்று சுழன்று பார்த்துக்கொண்டார்கள்.

ஹேரான் தன்னுடையதைத் தலைவழியே போட்டாள். அது தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு கீழே போனது. தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துச் சீட்டைப் பார்த்தாள். 88 என்றுதான் இருந்தது. அந்தக் கவுனுக்குள் அவளும் அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்களும் சேர்ந்து பாடலாம்.

"மீன் நாடாவைக் கொண்டாந்தாரே மனுஷன்!" என்று பல்லைக் கடித்தாள். "வாலையும் சேர்த்து அளந்துட்டாரு போலிருக்கு."

"அக்கா, தைரியமாத்தான் எழுதினீங்க" என்றாள் தோங்மி, குரலில் தேன் வழிய. "ஆனா கொஞ்சம் அதிகமாவே எழுதிட்டீங்க. இதோட முன்னால போய் நின்னா நடுவர்கள் என்ன நினைப்பாங்க? நீங்க பின்வரிசைக்குப் போயிடுங்க. அந்தப் பன்னிரண்டு வரியும் எனக்கு மனப்பாடம்."

"மனப்பாடமாவே வெச்சுக்கோ தங்கச்சி. எனக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கு."

முதலில் ஊக்குகள். முதுகுப் பக்கம் இருபது ஊக்கு குத்தி, சரி பார்க்க ஒரு வரி பாடினாள். அடிவயிற்றிலிருந்து மூச்சு இழுத்ததும் நான்கு ஊக்குகள் பட்பட்டென்று தெறித்தன. ஐந்தாவது அவளையே குத்தியது.

அடுத்தது மான்சிக்கின் பெல்ட். பார்வையாளர் பகுதியிலிருந்து அவரைப் போனில் கூப்பிட்டு, கதவிடுக்கு வழியாக வாங்கிக் கட்டினாள். பெல்ட்டுக்கு மேலே ஒரு பலூன், கீழே ஒரு பலூன். கதவுக்கு அந்தப் பக்கம் மான்சிக் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி நின்றார்.

"பத்து நிமிஷம்!" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

"அக்கா, பிடிவாதம் வேண்டாம்" என்றாள் தோங்மி. "நம்ம குழு மானம் போயிடும்."

ஹேரான் கண்ணாடியைப் பார்த்தாள். அன்றைக்குத் துணி மாற்றும் அறையில் பார்த்த அதே கைகள். இந்தமுறை அவற்றின்மேல் கோபம் வரவில்லை. கோபத்துக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு கடை அவளை 55 என்றது, இன்னொன்று 77-க்கும் மேலே என்றது. சுரங்கக் கடை அவளை மனுஷக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது இந்தக் கூடாரம்.

"மானம் என்ன, கவுன் இடுப்புலயா இருக்கு?" என்றாள். "போங்கடி, நீங்களும் உங்க நம்பரும்!"

போட்டி முடிந்ததும் எல்லோருக்கும் கடற்பாசித் தாளில் சோறு சுருட்டிய கிம்பாப் பரிமாற வேண்டும் என்று சமையற்கட்டு ஏப்ரனைப் பையில் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை ஏப்ரன், சோயா கறை ஒன்று மட்டும் போகாமல் இருந்தது. கவுனின் மிச்சத் துணியை முதுகுப் பக்கம் இரண்டு பெரிய மடிப்பாக மடித்தாள். மேலே ஏப்ரனைப் போட்டு, கயிற்றை இரண்டு சுற்று சுற்றி இறுக்கி முடிச்சிட்டாள்.

"அக்கா! இதோடயா மேடைக்கு?"

"பதினோரு வருஷமா இது எனக்கு இறுக்கினதும் இல்ல, தொங்கினதும் இல்ல. இதுக்குக் கழுத்துல நம்பர் சீட்டும் இல்ல."

மேடையில் அவள் இரண்டு அடி முன்னால் வந்து நின்றபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹேரான் சிரித்த திசையைப் பார்த்தாள், இடது காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டாள், ஆரம்பித்தாள்.

சமையற்கட்டின் புகைபோக்கி இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல் அது. அடிமட்டத்தில் ஆரம்பித்து, சூப் அண்டாவைத் தூக்குகிற மாதிரி மெதுவாக, ஒரு சொட்டு சிந்தாமல் மேலே ஏறியது. மூன்றாவது வரியில் சலசலப்பு நின்றது. பன்னிரண்டாவது வரி முடிந்தபோது முன்வரிசை நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார். கடைசி வரிசையில் ஒரு ஆள் எழுந்து இரண்டு கையையும் தட்டினார், உடனே ஒரு கையைக் கால்சட்டைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் பரிசு. பதினோரு வருஷத்தில் குழுவுக்குக் கிடைத்த முதல் கோப்பை அதுதான்.

அறையில் கிம்பாப் கை மாறிக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. பாட்டுக் கேட்க வந்திருந்த பாங் அம்மா, கழுத்தில் அளவு நாடா தொங்க, மூச்சிரைக்க நின்றாள்.

"யாரது, என் கவுனை மூட்டை மாதிரி கட்டி மேடையில ஏத்தினது? என் பேரு என்னாகும்? திரும்பும்மா!"

ஹேரான் வாயில் கிம்பாப்போடு திரும்பினாள். பாங் அம்மா முதுகு மடிப்புகளை விரித்துப் பார்த்தாள், மடித்துப் பார்த்தாள்.

"லிஸ்ட்ல என்ன நம்பர் கொடுத்தீங்க?"

"88."

"அது சரி. நிஜத்துல எத்தனை?"

"நிஜத்துலயும் 88-தான்."

"பாங் அம்மா, முதல்ல ஒரு கிம்பாப் சாப்பிடுங்களேன்" என்று தோங்மி அவசரமாகத் தட்டை நீட்டினாள்.

பாங் அம்மா தட்டைப் பார்க்கவே இல்லை. ஹேரானைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இருபத்தாறு வருஷமா, எந்தப் பாட்டுக் குழு எந்த நம்பர் கொடுத்தாலும் ரெண்டு நம்பர் கூட்டி வெட்டி, கேட்ட நம்பரையே கழுத்துல தைச்சுக் கொடுக்கறேன், ஒரு உடுப்பு தப்பினதில்ல. நீங்க மட்டும் உண்மையை எழுதறதா இருந்தா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தாயே?"