தலையணைப் பட்டறையில் ஓட்டு

மின்விசிறியைத் தட்டிய மறுநொடி, தலையணைப் பட்டறையில் அத்தனை பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

"அணைங்க! அணைங்க!" என்று அலறிய மேஸ்திரிக்கு மீசையும் சேர்ந்து நரைத்திருந்தது. "காத்து வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

"காத்துதான் கேட்டோம் மேஸ்திரி, மேகத்தை இல்ல," என்று தும்மினாள் உறை தைக்கும் அக்கா.

எல்லாம் முதலாளியால் வந்த வினை. எங்கேயோ ஒரு கருத்தரங்குக்குப் போனவர், ஆளே மாறித் திரும்பியிருந்தார். "இனிமே இங்க எல்லாமே தொழிலாளிங்களைக் கலந்துதான். மாடியில மேனேஜர் நாற்காலி காலியா இருக்கு. நாளைக்குச் சாயந்தரம் நீங்களே ஓட்டுப் போட்டு ஆளை அனுப்புங்க," என்று நேற்று அறிவித்துவிட்டார்.

போட்டியில் இரண்டே பேர். ஒருவர் மேஸ்திரி. இன்னொருவர் சூப்பர்வைசர் 'சங்கு'. அவர் வாயைத் திறந்தால் அடுத்த தெருவில் ஆலைச் சங்கு ஊதிவிட்டது, சாப்பாட்டு நேரம் என்று கைகழுவ எழுந்துவிடுவார்கள்.

மேஸ்திரியின் மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்: "நீங்க வீட்லயே எதுலயும் ஜெயிச்சதில்ல. பாத்து நடந்துக்கோங்க."

அதனால்தான் மேஸ்திரி காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் போய், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மின்விசிறி வேணாம்னா ஜன்னலைத் திறக்கலாமா? கையைத் தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. ஜன்னல் திறந்தது. பறந்த பஞ்செல்லாம் கும்பலாக வெளியேறி, பக்கத்துப் பெயிண்ட் கடையில் ஈரம் காயாமல் நின்ற காரின் மேல் இறங்கியது.

பெயிண்டர் ஓடி வந்தார். "யோவ், நான் கார்தான்யா நிறுத்தினேன்! வந்து பாரு, செம்மறியாடு நிக்குது!"

"பதறாதீங்க. கலந்து பேசுவோம்," என்றார் மேஸ்திரி, பழக்கதோஷத்தில்.

கலந்து பேசியதில், பட்டறையே திரண்டு போய் ஆட்டுக்கு ரோமம் பிடுங்கியது. அதற்குள் சரக்கு ஏற்ற வந்த லாரி காத்திருந்து பார்த்துவிட்டுக் காலியாகப் போனது. சங்கு முழங்கியது. முதலாளி இறங்கி வந்தார்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க சார். எல்லாம் என் தப்பு," என்று மேஸ்திரி முன்னால் போய் நின்றார். 'நாற்காலி போச்சு' என்று நினைத்துக்கொண்டார்.

சாயந்தரம் தலையணை உறைக்குள் சீட்டுகள் விழுந்தன. முதலாளியே எண்ணினார். மேஸ்திரிக்கு ஒரே ஓட்டு. அது அவரே போட்டது. மற்றதெல்லாம் சங்குக்கு.

விசில் பறந்தது. சங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், மாடி அறையில் உட்காரவைத்து, கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தார்கள். உள்ளே அவர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

தலையணைக் குவியலில் சரிந்து கிடந்த மேஸ்திரியிடம் அக்கா டீயை நீட்டினாள். அதைக்கூட அவர் வாங்கவில்லை.

"போங்கக்கா. கேட்டதையெல்லாம் செஞ்சேன். திட்டு விழும்போதுகூட நான்தானே முன்னால நின்னேன்? ஒரு ஓட்டு போட மனசு வரலையே உங்களுக்கு?"

"நல்லா இருக்கே கதை! உங்களை மாடிக்கு அனுப்பிட்டு, கீழ அந்தச் சங்கோட யாரு குப்பை கொட்டறது?"