கேட்கும் அறையில் ஊதிய விசில்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு, பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாராகிய உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும், மாமாவும், மாமாவின் முழங்காலும் நலந்தானே?

விஷயம் என்னவென்றால், எங்கள் தலைமையாசிரியை, அதுதான் உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர், என்னை வம்பில் மாட்டிவிட்டார். பிள்ளைகளுக்கு மனசு சரியில்லாவிட்டால் வந்து பேச ஒரு அறை வேண்டுமாம். பந்தும் வலையும் அடைத்துவைத்திருந்த என் அறையைக் காலிபண்ணி, இரண்டு நாற்காலி போட்டு, "கேட்கும் அறை" என்று பலகையும் மாட்டி, என்னையே அதில் உட்காரவைத்துவிட்டார். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தியே பிழைக்கிற என்னை! இதற்கென்று பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு அம்மா படித்துப் படித்துச் சொன்னார்: "பிள்ளைங்க பேசும்போது குறுக்கே பேசாதீங்க, புத்தி சொல்லாதீங்க, கேளுங்க, போதும்." நம் குடும்பத்தில் யாராவது இதைச் செய்ததுண்டா, நீயே சொல்.

முதலில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும் நிம்மதியாகப் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். நன்றாக ஓடுகிறவள், கொஞ்ச நாளாக ஓடவும் வருவதில்லை, பரீட்சை என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறையில் உட்கார்ந்துவிடுகிறாள். "அப்பாவும் அம்மாவும் பேசிக்கிறதே இல்ல சார். எல்லாமே நான்தான் போய்ச் சொல்லணும். சாப்பாடு ரெடின்னு அப்பாகிட்ட, பசியில்லன்னு அம்மாகிட்ட. திட்டு மட்டும் எனக்கு. புக்கைத் திறந்தாலே கூப்பிட்டுடுறாங்க" என்றாள். அக்கா, அந்த இரண்டு பேரையும் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்ல வாய் துடிக்கிறது. பேசக்கூடாதே! கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து வாயில் கவ்விக்கொண்டேன், வாயை அடைக்க என்னிடம் வேறென்ன இருக்கிறது? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஸ்கூலை விட்டு நின்னுட்டா நாள் பூரா வீட்டுலயே இருந்து சண்டை வராமப் பாத்துக்கலாம்ல சார்?" என்றாளா, நான் ஒரு பெருமூச்சு விட்டேன் பார், வாயிலிருந்த விசில் நீளமாக அலறிவிட்டது!

எங்கள் பள்ளியில் பாடவேளையில் நீளமாக விசில் கேட்டால் தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நான்தான் வருஷக்கணக்காகப் பழக்கிவைத்திருக்கிறேன். மொத்தப் பள்ளிக்கூடமும் வரிசை கலையாமல் மைதானத்துக்கு வந்து நின்றது. ஆய்வக வாத்தியார் மணல் வாளியோடு ஓடி வந்தார், தலைமையாசிரியை ஒற்றைச் செருப்போடு. அந்தப் பெண் ஜன்னல் வழியே பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள், மணியடித்ததும் போய்விட்டாள். அப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை. அந்தப் பிள்ளை வாய் திறந்தது ஒரே ஒரு தடவை, அதையும் கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே பள்ளியை விட்டு நின்றுவிட்டால் என்ன செய்வேன்? ஆகையால் நீ உன் தோழிக்குப் போன் போட்டு, "என் தம்பிக்கு இது ஒத்துவராது, வேற ஆளைப் பாரு" என்று சொல்லிவிடு.

மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி, ஒருவரோடொருவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: போன் போடாதே. உறையை ஒட்டுகிற நேரத்தில் அந்தப் பெண் வந்து நின்றாள், கூடவே அவள் வகுப்புத் தோழி ஒருத்தி. "எனக்குப் பரீட்சை இருக்கு, நீங்களே பேசிக்குங்கன்னு வீட்டுல சொல்லிட்டேன் சார். இப்ப ரெண்டு பேரும் நேராவே சண்டை போட்டுக்கிறாங்க!" என்றாள், முகமெல்லாம் பல்லாக. தோழியை நாற்காலியில் உட்காரவைத்து, "சொல்லுடி, சார் கேப்பார்" என்று சொல்லிவிட்டு, தான் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.