புளியங்கொட்டையிலிருந்து வாழைப்பழம் வரை

கொம்பாளம் என்றொரு நாடு. எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அங்கே வரி கட்டுகிறவனுக்கு வழி தெரியும். மற்றவனுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்த நாட்டில் உழைக்கிறவர்கள் எல்லாரும் கூலி நெல்லில் ஒரு பங்கைப் பொது நெற்குதிரில் கொட்டிவிட வேண்டும். உடம்பு ஓய்ந்த பிறகு குதிர் அவர்களுக்குச் சாகும்வரை கஞ்சி ஊற்றும். யார் ஓய்ந்தவர் என்று எப்படித் தெரியும்? பிறந்த வருஷம் அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் குதிர் வாசலில் ஒரு வறுத்த புளியங்கொட்டையைக் கொடுப்பார்கள். கடித்து உடைத்துவிட்டால் போய் வேலையைப் பார். உடைக்க முடியவில்லையா, வட்டிலை வைத்துக்கொண்டு உட்கார். நடிக்கவும் முடியாது. குதிருக்குக் காவலிருக்கும் அங்காயி வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்த்துவிடுவாள்.

சடையன் கிணறு வெட்டுகிறவன். முதுகு வளைந்துவிட்டது, பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. இன்னும் ரெண்டு கடைவாய்ப்பல் போய்விட்டால் கடப்பாரையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று காத்திருந்தான்.

அந்தச் சமயம் பார்த்து நிதி அமைச்சர் சேதிராயருக்குக் குடிகள்மேல் அக்கறை வந்தது. அக்கறை வந்த அமைச்சரும் வெறிபிடித்த நாயும் நம் தெருவுக்கு வராமல் இருந்தால் நல்லது. வந்துவிட்டார்.

குதிருக்குள் எட்டிப் பார்த்து, "இவ்வளவு நெல்லும் வேலை செய்யாமல் தூங்குகிறதே!" என்றார்.

"தூங்கலீங்க சாமி, காத்துக்கிட்டுக் கெடக்கு" என்றாள் அங்காயி.

"எலி வரும், ஈரம் வரும், தீ வரும். குடிகளின் முதுமையை இப்படி ஆபத்தில் விடலாமா? அரண்மனையைவிடப் பாதுகாப்பான இடம் இந்நாட்டில் உண்டா?"

இல்லை என்று சொல்ல யாருக்கு நாக்கு இருந்தது? பாதியளவு நெல் அரண்மனைக்குப் போனது. பதிலுக்கு ராஜ முத்திரை குத்திய ஓலைகள் வந்தன. உரிய காலத்தில் நெல் திரும்பத் தரப்படும் என்று அவற்றில் எழுதியிருந்தது. உரிய காலம் எது என்று எழுதவில்லை. சேதிராயர் மறுபடி வந்து பார்த்தார்.

"கவனித்தீர்களா? ஓலையை ஒரு எலிகூடத் தொடவில்லை. இதுதான் பாதுகாப்பு."

அடுத்த ஆணை, மிச்ச நெல்லில் பெரும்பங்கை நாட்டின் வளர்ச்சியில் போட வேண்டும் என்றது. வளர்ச்சி என்றால் துறைமுகம். கொம்பாளத்தைச் சுற்றி எந்தப் பக்கமும் கடல் கிடையாது. தோண்டுவதற்கு ஆள் பிடித்தபோது சடையனையும் பிடித்தார்கள்.

"கடல் இல்லீங்களேய்யா?"

"கடல் வந்த பிறகு துறைமுகம் கட்டுவதற்குப் பெயர் தொலைநோக்கா?" என்றார் சேதிராயர்.

சடையன் தோண்டினான். அவன் போட்ட நெல்லிலிருந்தே அவனுக்குக் கூலி கொடுத்து, அந்தக் கூலியிலும் ஒரு பங்கைக் குதிருக்குப் பிடித்து, அதற்கும் ஓலை கொடுத்தார்கள்.

பிறகு குதிரில் எஞ்சிய நெல்லைக் கண்காணிக்க அதிகாரிகள் வந்தார்கள். ஆளுக்கொரு படி அள்ளிச் சமைத்து ருசி பார்த்து, நெல் நன்றாகத்தான் இருக்கிறது என்று சான்று கொடுத்தார்கள். அவர்களைக் கண்காணிக்க வேறு அதிகாரிகள் வந்தார்கள். அவர்களுக்கும் பசித்தது. கடைசியில், பஞ்சம் வந்தால் குதிர் தாங்குமா என்று பார்க்க ஒரு பஞ்ச ஒத்திகை நடத்தினார்கள். மாசக்கணக்கில் யாருக்கும் கஞ்சி ஊற்றவில்லை. ஒத்திகையில் குதிர் தேறியது. கிழவர்களில் சிலர் தேறவில்லை.

இதற்குள் சடையனின் கடைவாய்ப்பல் ரெண்டும் விழுந்துவிட்டன. புது வட்டில் வாங்கிக்கொண்டு குதிர் வாசலுக்கு வந்தான். புளியங்கொட்டை வாயில் உருண்டதே தவிர உடையவில்லை.

"வாய்யா, உக்காரு. ஒனக்கு நேரம் வந்துருச்சு" என்றாள் அங்காயி.

"நிறுத்து!" என்றார் பக்கத்தில் நின்ற அதிகாரி. "மக்கள் இப்போது நீண்டகாலம் வாழ்கிறார்கள். இது நம் அரசின் சாதனை. சாதனை செய்த அரசை நஷ்டப்படுத்தலாமா? இனி வறுகடலை."

முன்பல்லால் வறுகடலையைக் கடித்துத் தொலைத்தான். மறுவருஷம் முன்பல்லும் போன பிறகு வந்தான். முறுக்கு என்றார்கள். எச்சிலில் ஊறி அது தானாக உடைந்துவிட்டது. அதற்கும் அடுத்த வருஷம், பொக்கை வாயோடு, கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். அதிகாரி ஒரு பூவன் பழத்தை உரித்து நீட்டினார்.

"இதைக் கடிக்க முடியாதவனே கிழவன் என்பது சட்டம்."

"துப்பிடு, முழுங்காதே!" என்று அங்காயி கிசுகிசுத்தாள். "துப்பிட்டா ஒனக்குக் கஞ்சிய்யா!"

"கஞ்சி எதுலடி காச்சுவ? ஓலையிலயா?"

சடையன் ஈறால் நசுக்கி முழுங்கினான்.

"கடித்துவிட்டார்! இளைஞர்!" என்று அதிகாரி கூவினார்.

சடையன் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "ஐயா, இந்தச் சோதனை நாளைக்கும் உண்டுங்களா?"

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒருவன் எத்தனை முறை சோதனைக்கு வரலாம் என்று எழுத மறந்துபோயிருந்தது. மறுநாளிலிருந்து நாட்டின் பொக்கை வாய்கள் அத்தனையும் குதிர் வாசலில் வரிசை கட்டின. தங்கள் இளமையை நிரூபிக்கக் குடிகள் நாள்தோறும் ஆர்வத்தோடு திரளுவதாக அரசவையில் சேதிராயர் அறிவித்தார். மன்னர் கண்கலங்கினார்.

அந்தச் சாதனைக்குப் பிறகு சேதிராயர் ஓய்வுபெற்றார். அமைச்சர்களுக்குத் தனிக் குதிர் உண்டு. அதற்குப் புளியங்கொட்டையும் கிடையாது, அதிகாரியும் கிடையாது. அவருக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தது. கரும்பைக் கடித்துக்கொண்டே வந்து, தன் பங்கை வண்டியில் ஏற்றச் சொன்னார். மூட்டைகளிலிருந்து புது நெல்லின் வாசனை வரிசைவரை வந்தது.

வரிசையில் நின்ற சடையனுக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க ஐயா, ஒங்க குதிர்ல ஓலை இல்லீங்களா?"

சேதிராயர் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு, பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

"என்னய்யா கேள்வி இது? ஓலையைத் தின்ன முடியுமா?"

வண்டி போய்விட்டது. "அடுத்த இளைஞர்!" என்றார் அதிகாரி. சடையன் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னே நகர்ந்தான். அன்றைக்குப் பழம் பாதியாகத்தான் இருந்தது.