கட்டைவிரல் இல்லாத பூதமும் மீன் ஈட்டியும்

விஸ்கான்சின், வின்னபேகோ ஏரிக்கரை
17 பிப்ரவரி 1987, செவ்வாய்

பூதங்களையும் பறக்கும் பாம்புகளையும் மாதம் தவறாமல் எங்கள் தபால்பெட்டிக்கு அனுப்பிவைக்கும் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, ஒன்பது ஆண்டுச் சந்தாதாரன் ஆர்வில் ஸ்கோகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி ஆர்டிஸும் சுகம். ஏரியில் பனிக்கட்டி இரண்டடி கனம் இருக்கிறது, அதுவும் சுகம். தங்கள் சுகத்தையும் தங்கள் பத்திரிகைக்குப் படம் வரைபவரின் சுகத்தையும் அறிய ஆவல். குறிப்பாக அவருடைய கை சுகமா என்று அறிய ஆவல், ஏனென்றால் என் இன்றைய நிலைமைக்கு அந்தக் கைதான் காரணம்.

சென்ற மாத இதழில் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு சதுப்புப் பூதம் வந்திருந்தது. எட்டடி உயரம், வாத்துக்கால் மாதிரி தோல் கோத்த மூன்று விரல், வெட்டினால் திரும்ப முளைக்கும் கை, அந்தக் கையில் ஆள் உயர வாள். ஒவ்வொரு வியாழன் மாலையும் எங்கள் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் கதை விளையாட்டில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்துகிறவன் நான். குகை, மழை, பூதம் எல்லாம் என் பொறுப்பு. பகடையை உருட்டி அவற்றோடு சண்டை போடும் வீரர்கள் மூன்று பேர்: என் மனைவி, இறைச்சிக்கடை வைத்திருக்கும் அவள் தம்பி டெல்மர், மாட்டு வைத்தியரம்மா மார்லிஸ். டிராக்டர் கடையில் முப்பத்தோரு வருஷம் பிறர் கேட்டதை எடுத்துக் கொடுத்தே காலம் தள்ளிய எனக்கு, நான் சொன்னால் மழை பெய்யும் என்கிற இடம் இந்த உலகத்தில் அந்த ஒரு நாற்காலிதான். அந்த நாற்காலி இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது, ஐயா.

தங்கள் பூதத்தை நான் ஆசையாக இறக்கிவிட்டேன். வாளை ஓங்கியது என்று சொல்லி முடிக்கவில்லை, டெல்மர் கையைத் தூக்கினான்.

"அத்தான், ஒரு சந்தேகம். நாள் பூரா தண்ணிக்குள்ள கிடக்கிறவன், அந்த வாளுக்கு எப்ப எண்ணெய் போடுறான்?"

"வெட்டின கை திரும்ப முளைக்குதுன்னா நம்புற. வாள் துருப்பிடிக்கலைன்னா நம்ப மாட்டியா?"

"கை முளைக்கிறது அவன் சொந்த விஷயம். கத்தி என் தொழில். பொய் சொன்னா எனக்குத் தெரியும்."

மார்லிஸ் பத்திரிகையை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "கட்டைவிரலைக் காணோமே அண்ணே. இந்தக் கையால கைப்பிடியை எப்படி இறுக்கிப் பிடிப்பான்? எந்தப் பசுவும் மண்வெட்டி பிடிச்சு நான் பார்த்ததில்ல."

நான் ஆதரவு தேடி ஆர்டிஸைப் பார்த்தேன். அவள் பின்னலை நிறுத்தாமல், "அது ஒரு மாதிரி வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். எங்கள் பக்கத்து மனிதர்கள் வாயிலிருந்து இதைவிடக் கடுமையான சொல் வராது என்பது தங்களுக்கே தெரியும்.

மறு வாரம் வாளைப் பிடுங்கிக்கொண்டு ஓக் மரத் தடி கொடுத்தேன். ஊறிய கட்டையைத் தூக்க இரண்டு பூதம் வேண்டும் என்றான் டெல்மர். அதற்கடுத்த வாரம் தோல்வாரில் கட்டிய கல்லைக் கொடுத்தேன். நனைந்த தோல் தளர்ந்து கல் பூதத்தின் தலையிலேயே விழும் என்றார் மார்லிஸ், அப்படியே விழுந்ததாக வைத்துக்கொண்டு மூவரும் அதன் புதையலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போன சனிக்கிழமை ஏரியில் தொடங்கவிருந்த ஸ்டர்ஜன் மீன் பருவத்துக்காக, அந்த வாரத் தொடக்கத்திலேயே டெல்மர் தன் மீன் ஈட்டியைத் துடைத்து வைத்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஐந்து பல், ஒவ்வொன்றிலும் கொக்கி, பின்னால் கயிறு. தண்ணீரில் வாழ்கிறவனுக்குத் தண்ணீர்க்காரனின் ஆயுதம். இதில் யார் என்ன குறை சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மேசையில் ஒரு விதி உண்டு, அதைப் போட்டவனும் நான்தான்: வாயால் சொல்வதைக் கையால் செய்து காட்ட வேண்டும். தன் வீராங்கனை காயம்பட்ட குள்ளனைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள் என்று மார்லிஸ் சொன்னபோது, தோளில் ஒரு கன்றுக்குட்டியோடு தேவாலயத்தைச் சுற்றி ஓடச் சொன்னவன் நான். ஆகவே போன வியாழன், பூதத்தின் கை வேண்டுமென்று மான்தோல் கையுறை மாட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி ஒட்டுநாடாவால் சுற்றி, பூதத்தின் உயரம் வேண்டுமென்று மடக்கு நாற்காலியின் மேல் ஏறி நின்றேன். எதிர்ச் சுவரோரம் ஒரு முட்டைக்கோஸ், அதுதான் வீரனின் தலை. ஓங்கினேன். தோல் கையுறை வழுக்கும் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. ஈட்டி என் கையை விட்டுப் பின்பக்கமாகப் போனது. பின்பக்கம், சமையலறையிலிருந்து பண்டம் நீட்டும் திறந்த ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பாடகர் குழுவுக்காக நூறு கோப்பைக் காபி அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. லூத்தரன் தேவாலயத்தில் பலிபீடத்தை இடித்திருந்தாலும் மன்னித்திருப்பார்கள், ஐயா. ஐந்து ஓட்டையிலிருந்தும் காபி ஒரே சீராகக் கொட்டியது.

காபிக் குழுத் தலைவி திருமதி போல்ஸ்டாட் கையில் கோப்பையோடு அண்டாவைப் பார்த்தார், பிறகு நாற்காலி மேல் நின்ற என்னைப் பார்த்தார். "காபி வேணும்னா கேட்டிருக்கலாமே ஆர்வில்" என்றார். அவ்வளவுதான். அதன்பின் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பார்த்தீங்களா, கட்டைவிரல் இல்லாமலே எஃகைத் துளைச்சிட்டேன்" என்றேன், தரையைத் துடைத்துக்கொண்டே.

"துளைச்சீங்க, சரி" என்றார் மார்லிஸ். "எதைக் குறி வச்சீங்க?"

"முட்டைக்கோஸை."

"அது எந்தப் பக்கம் இருக்கு அண்ணே?"

டெல்மர் எழுந்து முறைப்படி தீர்மானம் கொண்டுவந்தான்: வரும் வியாழனுக்குள் அத்தான் நம்பத்தகுந்த ஆயுதம் ஒன்றைக் காட்டாவிட்டால் நாற்காலி டெல்மருக்கு. என் மனைவி வழிமொழிந்தாள். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு வேகமாக எதற்கும் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

ஐயா, ஐந்து நாள் மண்டையைக் குடைந்து இப்போது கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் ஏரியில் யாரும் ஈட்டியை எறிவதே இல்லை. பனியில் ஓட்டை போட்டு, மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து, மீன் கீழே வரும்போது விடுகிறார்கள். கட்டைவிரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு விறைத்த கையால்தான் விடுகிறார்கள். இறங்குவது ஈட்டியின் சொந்தக் கனம். ஆகவே பூதம் பாலத்தின் மேல் இருக்கட்டும், வீரர்கள் கீழே படகில் வரட்டும். கயிறு மணிக்கட்டில் கட்டியிருப்பதால் இறுக்கிப் பிடிக்க அவசியமே இல்லை. கொக்கியில் மாட்டியவன் தப்ப வழியே கிடையாது. ஒரே குத்து, ஆள் காலி. தாங்கள் இதைச் சரியென்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு, வியாழனுக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். எனக்கு இருப்பது அந்த ஒரு நாற்காலி.

தங்கள் பகடை வேண்டிய முகத்தைக் காட்டட்டும், தங்கள் வாசலில் உறைபனி வழுக்காதிருக்கட்டும், தங்கள் வீட்டுக் காபி ஒருபோதும் ஆறாதிருக்கட்டும். படம் வரைபவருக்கும் என் ஆசிகள், கட்டைவிரல் உள்பட.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஆர்வில் ஸ்கோகன்

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. பனிப்புயலில் மூன்று நாளாகத் தபால்காரர் வரவில்லை. ஆனால் நேற்று ஆட்டத்துக்கு டெல்மர் டிராக்டரில் மார்லிஸையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். தங்கள் பதிலுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டினேன். டெல்மர் அதை வாங்கித் தானும் ஒரு முறை படித்தான். பிறகு மார்லிஸ், "இது நம்புற மாதிரி இருக்கு அண்ணே" என்றார். டெல்மர் தீர்மானத்தை வாபஸ் வாங்கினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது ஆர்டிஸ், "இவ்வளவு நல்லா யோசிச்சிருக்கீங்க, எதிர்ல நின்னு ஒரு தடவை பார்க்க வேண்டாமாங்க?" என்றாள். சந்தோஷத்தில் நானே எழுந்து, ஒரே ஒரு ஆட்டத்துக்கு என்று சொல்லி, நாற்காலியை டெல்மருக்குக் கொடுத்தேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு வீரன் பிறந்தான், ஆர்வில்சன் என்று பெயர், சின்ன வயது, நல்ல பையன். அவன் இப்போது பாலத்துக்குக் கீழே படகில் இருக்கிறான். மேலே பூதம். டெல்மர் இந்தக் கடிதத்தை வரி விடாமல் சட்டமாக வைத்துக்கொண்டு, பகடையை உருட்டி, விழுந்ததைக் கையால் மூடிக்கொண்டு, "அடுத்த வாரம் சொல்றேன் அத்தான்" என்று டிராக்டரில் ஏறிப் போய்விட்டான். ஆகவே மேலே நான் எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கட்டைவிரல் இல்லாதவன் ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது என்று பெரிய எழுத்தில், தங்கள் கையெழுத்தோடு, தயவுசெய்து வியாழனுக்குள் அனுப்பவும். பையனுக்கு இன்னும் நீச்சல் தெரியாது.