தாய்மாமன் ஆமையும் நாரை ஏர்லைன்ஸும்

ஒரு காட்டில், கடலை ஒட்டிய பக்கத்தில், ஒரு நாரை இருந்தது. அது ஓலைக் கூடையைக் காலில் கட்டிக்கொண்டு எலிகளையும் ஓணான்களையும் ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோய் விட்டது. ஏறினால் போய்ச் சேரலாம். கம்பெனி அவ்வளவுதான்.

கூட்டம் பெருகியது. சீட்டுக் கிழிக்க ஒரு கோழியை வைத்தது. வாசலில் நின்று கும்பிட ஒரு மயிலை வைத்தது. இனி வெளிநாட்டுக்கும் போவோம் என்று முடிவானதும், கறுப்புக் கோட்டோடு வந்த பென்குயினைத் தலைமை விமானி ஆக்கியது. இத்தனை பேரிலும் பறந்து கடல் தாண்டத் தெரிந்தது நாரை ஒன்றுதான். அது முதலாளி ஆகிவிட்டதால் பறப்பதை விட்டுவிட்டது. முதலாளிகள் அப்படித்தான், நான் பார்த்திருக்கிறேன்.

வேலாண்டி என்ற ஆமைக்கு, கடல் நடுவே ஒரு தீவில் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் அந்த வீட்டில் தாலி ஏறாது. ஆமை மாலையோடு வந்து கூடையில் உட்கார்ந்தது. வழியனுப்ப ஒரு வண்டி நிறைய வந்த சொந்தக்காரர்கள் சுற்றி நின்று அழுதார்கள். அழுது முடித்து, கொண்டுவந்த புளிசாதத்தையும் தின்று முடித்தார்கள். கூடை அசையவில்லை.

"எப்ப தாயி கிளம்பும்?" என்றது ஆமை.

"கிளம்பியாச்சு அண்ணே," என்றது கோழி.

"தரையிலதானே இருக்கேன்?"

"நீங்க ஏறிட்டீங்கல்ல. மிச்சமெல்லாம் சின்னத் தாமதம்."

பென்குயின் எட்டிப் பார்த்து, "காத்து சரியில்லை," என்றது. அது பிறந்ததிலிருந்து அதற்குக் காற்று சரியாக இருந்ததில்லை.

விடிந்தால் முகூர்த்தம். ஆமை மாலையை முதுகில் போட்டுக்கொண்டு, கூடையிலிருந்து இறங்கிக் கடலில் விழுந்தது.

கெட்டிமேளத்துக்குக் கை ஓங்கிய நேரத்தில் பந்தலுக்குள் நுழைந்தது. தங்கைக்கு உயிர் வந்தது. சம்பந்தி ஆமை மட்டும் ஏற இறங்கப் பார்த்தது.

"என்ன சம்பந்தி, நீந்தியா வந்தீங்க?"

"சேச்சே. ஏர்லைன்ஸ்லதான்."

"சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கே?"

"மேகத்துக்குள்ள வந்தோம்ல."

ஊர் திரும்பினால் மரத்துக்கு மரம் ஆமையின் படம். கீழே, 'சொன்ன நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் — தாய்மாமன் வேலாண்டி.'

ஆமை சண்டைக்குப் போனது. "நான் நீந்தியில்ல போனேன்?"

"அப்படியா? சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி விடட்டுமா?" என்றது நாரை.

ஆமை சண்டையை அங்கேயே விட்டது. பிறகு மறுவீட்டு விருந்துக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு நேராகக் கடலில் இறங்கியது.

அதைப் பார்த்து நீர்நாய் வாங்கியது. முதலை குடும்பத்தோடு வாங்கியது. இன்று ஏழு கடலிலும் நாரை ஏர்லைன்ஸ்தான். கூடை அதே இடத்தில் இருக்கிறது. கோழி அதில் அடைகாக்கிறது.

நீதி: சம்பந்தி முன்னால் கெத்துக் காட்ட ஆள் இருக்கும்வரை, விமானக் கம்பெனிக்கு இறக்கை வீண்செலவு.