மயங்கி விழாத கதாநாயகி

தொடர்கதை எழுத்தாளர் அன்று காலை ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இனி தன் கதாநாயகி அழமாட்டாள். மயங்கி விழவும் மாட்டாள்.

காரணம், பத்திரிகை ஆசிரியர். "சார், உங்க கதாநாயகி வாராவாரம் மயங்கி விழறா. படிக்கிறவங்க திட்டித் தீக்கறாங்க. இந்த வாரமும் விழுந்தா தொடரை நிறுத்திடுவோம்" என்று போனில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

எழுத்தாளர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினார். அவர் கிறுக்கியதைக் கணினியில் தட்டி அனுப்புவது மனைவியின் வேலை. அச்சில் வந்ததை அவர் திரும்பிப் பார்ப்பதே கிடையாது. தன் எழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மனைவி படித்துப் பார்த்தாள்.

"கிடங்குல தீப்பிடிக்குது. கதாநாயகன் உள்ள பாஞ்சு நாலு பேரைத் தூக்கிட்டு வரான். சரி, இவ என்ன பண்றா?"

"வாசல்ல தைரியமா நிக்கிறா."

"நின்னு?"

"அவனுக்காக வேண்டிக்கிறா. அழாம."

"கடைசியில எதுக்குங்க கரப்பான்பூச்சி?"

"வீட்டுக்கு வந்தா கரப்பான். அலறிக்கிட்டு நாற்காலி மேல ஏறிடறா. மயங்கல பாத்தியா? அதான் புதுமை."

"பொம்பளைங்க கரப்பானுக்கு அலறி எங்க பாத்தீங்க?"

"இதையெல்லாம் பாத்தா எழுதுவாங்க? ஊருக்கே தெரிஞ்ச விஷயம். நீ தட்டு."

"கொஞ்சம் மாத்திக்கட்டுமா?"

"பிழை இருந்தா மாத்திக்க."

"இருக்குங்க" என்று தட்ட உட்கார்ந்தாள்.

இதழ் வெளிவந்த அன்று ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார்.

"கலக்கிட்டீங்க சார். தீக்குள்ள பாயறாளே, அவதான் பொம்பளை. தொடரை நிறுத்தற பேச்சே இல்ல."

"அவளா பாயறா?"

"அதைவிட அந்த ஆம்பளை. வாசல்லயே நின்னு வேண்டிக்கிறதும், கரப்பானைப் பாத்து நாற்காலியில ஏறறதும், அப்படியே உயிரோட இருக்கான் சார். ஒரு நிமிஷம் இருங்க, இன்னொரு போன் வருது."

எழுத்தாளர் போனைப் பொத்திக்கொண்டு மனைவியை முறைத்தார். "என்னடி பண்ணி வச்சிருக்க?"

"அவனை அவளாக்கினேன், அவளை அவனாக்கினேன். வேற எதையும் தொடல" என்றாள் மனைவி, துடைப்பத்தோடு கட்டிலுக்கடியில் குனிந்தபடி.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார் ஆசிரியர். "அந்த ஆம்பளையை யாரைப் பாத்து எழுதுனீங்க?"

"எல்லாம் கற்பனைதான்" என்றார் எழுத்தாளர்.

போன் வரைக்கும் கேட்கிற மாதிரி மனைவி சொன்னாள்: "அடிச்சாச்சுங்க. நாற்காலியை விட்டு இறங்குங்க."