சொல்லமுடியாது சாரும் மீன் தொட்டி நிலமும்

எந்தக் கேள்விக்கும் நேரான பதில் சொல்லாமல், யாரிடமும் அடியும் வாங்காமல், நாற்பது வயதைத் தாண்டிய ஒரே மனிதர் எங்கள் 'சொல்லமுடியாது' சார்தான். அரசியல்வாதிகூட மாலை போட்டால் ஒரு 'ஆகட்டும்' சொல்வார். இவரிடம் அதுவும் நடக்காது.

சில வருஷத்துக்கு முன்னால் தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில், நிலத்தடி நீர் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். அங்கே மூத்த ஆராய்ச்சியாளர் அவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி.

சேர்ந்த முதல் நாள் மரியாதைக்குக் கேட்டேன்.

"சார், காபி சாப்பிடறீங்களா?"

"இப்ப சொல்ல முடியாதும்மா. கொண்டாந்து வைங்க, பாக்கலாம்."

குடித்து முடித்தார்.

"நல்லா இருந்துச்சா சார்?"

"ஒரு டம்ளர வச்சு எப்படிச் சொல்றது?"

பொம்மிடியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். நாளைக்கு வருவீர்களா என்று கேட்டால் கிளம்பும்போதுதான் தெரியும் என்பார். இத்தனைக்கும் அந்த மனுஷன் லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை.

அவர் பெண் பார்க்கப் போன கதை எங்கள் கூடத்தில் பிரசித்தம். "பொண்ணு புடிச்சிருக்குதுங்களா மாப்ள?" என்று பெண்ணின் அப்பா ஆசையாகக் கேட்டிருக்கிறார். இவர் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, "ஒரு தடவ பாத்துட்டு எப்படிங்க சொல்ல முடியும்?" என்றாராம். வந்த சனம் மொத்தமும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டது. அப்போது அந்தப் பெண் உள்ளேயிருந்து, "எனக்கும் அப்படித்தான் இருக்குதுன்னு சொல்லுங்கப்பா" என்று குரல் கொடுத்திருக்கிறார். அப்புறம் என்ன, கல்யாணம்தான். சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று நான் கேட்டதில்லை. என்ன பதில் வரும் என்று எனக்கே தெரியும்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் பொதுமக்களுக்கான அறிவியல் திருவிழாவில் விளக்கம் சொல்ல நிறுத்தினார் எங்கள் மேடம். மேடம் என்றால் துறைத்தலைவர். அவருக்கு உலகத்தில் எல்லாமே உறுதி. மழை வந்தால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். வராவிட்டாலும் அதையேதான் சொல்வார்.

ஜனங்கள் கை வைத்து விளையாடுகிற மாதிரி ஒன்று செய்யச் சொன்னார்கள் திருவிழாக்காரர்கள். சார் ஒரு பெரிய மீன் தொட்டியை வாங்கி வந்தார். அடியில் ஜல்லி, ஜல்லி இடுக்கில் அங்கங்கே நீலத் தண்ணீரில் நனைத்த பஞ்சு, மேலே செம்மண், அதன்மேல் ஒரு பொம்மை வீடு, ஒரு பிளாஸ்டிக் மாடு. சுற்றிலும் கறுப்புத் துணி. இடம் பார்த்து ஒரு சன்னக் குழாயை மண்ணுக்குள் இறக்கி, ஊசி மருந்துச் சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். பஞ்சில் பட்டால் நீலத் தண்ணீர். படாவிட்டால் காற்று. பிறகு துணியைத் தூக்கிக் காட்டுவோம். நம் ஊர்ப் பாறைக்கடியிலும் இதே கதைதான், வெடிப்பில் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

முதலில், சொந்த நிலத்தில் போர் போட்டுத் தண்ணீர் வராமல் நொந்திருந்த எங்கள் வாட்ச்மேனை இறக்கிப் பார்க்கச் சொன்னோம். காற்று. இடத்தை மாற்றினார். காற்று. மறுபடியும் காற்று. சிரிஞ்சை மேஜையில் வீசிவிட்டு, "ஏன் சார், காட்டுலதான் வரல, மீன் தொட்டில கூடவா எனக்கு வராது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்களுக்கு கேட் திறக்கவே இல்லை, நாங்களே திறந்துகொண்டோம்.

விஷயம் மேடம் காதுக்குப் போனது. "எல்லா எடத்துலயும் தண்ணி வர்ற மாதிரி வைங்க. ஜனங்க சந்தோஷமா போகணும்."

"பூமி அதுக்கு ஒத்துக்கும்னு சொல்ல முடியாதுங்களே மேடம்."

மேடத்துக்கு மூக்குமேல் கோபம். "ஸ்டால்ல ஒரே ஒரு தடவ இந்த 'சொல்ல முடியாது' உங்க வாயிலேருந்து வரட்டும், புராஜெக்ட் நீட்டிப்புல கையெழுத்தே போட மாட்டேன். உங்க வேலையும் போகும், இந்தப் பொண்ணு வேலையும் போகும்!"

நடுவில் நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்பதற்குள் போய்விட்டார். போனவர் ஒரு போர்டு அடித்து அனுப்பினார்: 'உங்கள் நிலத்தடி நீர்க் கேள்விகளுக்கு உறுதியான பதில் இங்கே!' அதற்கு நேர் கீழே சாருக்கு நாற்காலி.

வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. சாரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"சார், 'வாய்ப்பு இருக்குது'ன்னு சொல்லிட்டு சிரிங்க. போதும்."

"எவ்ளோ வாய்ப்புன்னு கேட்டா?"

"இன்னும் கொஞ்சம் சிரிங்க சார்."

சிரித்துப் பழகினார். பார்க்கச் சகிக்கவில்லை.

திருவிழா அன்று காலையெல்லாம் ஈ ஓட்டினோம். பக்கத்து ஸ்டாலில் ரோபோ ஆடிக்கொண்டிருந்தது, கூட்டம் அங்கேதான். மதியம் ஒரு விவசாயி சும்மா வந்து குழாயை இறக்கினார். நீலத் தண்ணீர் ஏறியதும், "வந்துருச்சுடா!" என்று சொந்தக் காட்டில் வந்த மாதிரி ஒரு கத்து கத்தினார் பாருங்கள், ரோபோவை அம்போ என்று விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் இங்கே பாய்ந்தது. யார் எது கேட்டாலும் சார், "கொழாய எறக்கிப் பாருங்க" என்று சொல்லிச் சமாளித்தார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்போது வந்தார் ஒரு நீரோட்டக்காரர். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நிலத்தில் தண்ணீர் பார்ப்பவர். மனுஷன் பையிலிருந்து தேங்காயை எடுத்து, எங்கள் மீன் தொட்டிக்கு மேலேயே நீட்டிவிட்டார். பிளாஸ்டிக் மாட்டுக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றது. குழாயை இறக்கினார். நீலத் தண்ணீர் பீய்ச்சியது! அவ்வளவுதான், ஆராய்ச்சியாளர்களை யார் சீந்தினார்கள்? ஆளாளுக்கு அவர் போன் நம்பரை வாங்கினார்கள். எங்கள் ஸ்டாலில், எங்கள் தொட்டியில், அவருக்கு விளம்பரம்.

அந்தக் களேபரத்தில் நல்லம்பள்ளிப் பக்கத்து அம்மா ஒருவர் சாரிடம் வந்து நின்றார். சரியாக அதே நேரம் சிறப்பு விருந்தினரை அழைத்துக்கொண்டு மேடமும் வந்து சேர்ந்தார்.

"சார், எங்க காட்டுல மூணு போரும் பொய்யாப் போச்சுங்க. வூட்ல இருந்த நகை எல்லாம் அதுலயே போச்சு. நாளைக்கு நாலாவதுக்கு வண்டி வருது. இந்தத் தேங்காக்காரருதான் பாத்துக் குடுத்தாரு. தண்ணி வருங்களா?"

சார் போர்டைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டிச் சிரித்துக் காட்டினேன், ஞாபகப்படுத்த.

அவர் சிரிக்கவில்லை. மூன்று போரும் எத்தனை ஆழம், என்ன நிறத்தில் புழுதி வந்தது, பக்கத்துக் காட்டில் எப்படி என்று பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்.

"சொல்ல முடியாதும்மா. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

போச்சு, வேலை போச்சு, அடுப்பும் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மேடம் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

அந்த அம்மா சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு தடவையும் வரும் வரும்னு அடிச்சுச் சொன்னாங்க. தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் சார்" என்றவர், அங்கேயே நின்று போனை எடுத்தார். "ஏங்க, நாளைக்கு வண்டி வேணாம்னு சொல்லிடுங்க. கழுத்துல கெடக்கறதாவது கெடக்கட்டும்."

மேடம் சொன்ன சொல் தவறாதவர். கையெழுத்துப் போடவில்லை.

கடைசி நாள் சாரும் நானும் சாமான்களைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். மீன் தொட்டி அவர் கையில். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"ஒரு வார்த்தை 'வரும்'னு சொல்லியிருந்தா நம்ம வேலை தப்பிச்சிருக்கும்ல சார்?"

"சொல்ல முடியாதும்மா."

"அப்புறம் வேற வேலை கெடைக்குமா உங்களுக்கு?"

"சொல்ல முடியாது."

பொம்மிடி பஸ் வந்தது. தொட்டியை அணைத்துக்கொண்டு படியில் ஏறினார். மனசு கேட்காமல் கீழேயிருந்து கத்தினேன்.

"சார், அந்தம்மாகிட்ட அப்படிச் சொன்னதுக்கு வருத்தமா இருக்கா?"

"இல்லம்மா" என்றார், யோசிக்காமல். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.